டெரியைத் தேடி மேய்ன் பக்கம்

வியாழன், போர்ட்லேண்ட்

பாஸ்டன்ல இருந்து வடக்கால ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினா போர்ட்லேண்ட். அக்டோபர் கடைசிங்கிறதால நாங்க வந்து சேர்றதுக்குள்ளயே இருட்டிப்போச்சு. திகில் நாவல் எழுதுற ஸ்டீபன் கிங் பொறந்தது இந்த ஊர்லதான், 1947 செப்டம்பர் 21. அவருக்கு ரெண்டு வயசு இருக்கறப்போ அப்பா சிகரெட் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்ல, அம்மா ரெண்டு பசங்களையும் இழுத்துக்கிட்டு இந்தியானா, கனெக்டிகட்னு ஊர் ஊரா வேலை தேடி அலைஞ்சாங்க, கடைசில அவருக்கு 11 வயசாகறப்போதான் மேய்ன் மாநிலத்துக்கே திரும்பி வந்தாங்க.

கூட வந்திருக்கிறது அக்கா பையன், பாஸ்டன்ல படிக்கிறான், கார் அவன்தான் ஓட்டுறான். படம் எல்லாம் பாத்திருக்கான், புக் எதையும் தொட்டதில்ல. "மாமா, இட் படத்துல வர்ற அந்த ஊர் இங்கதான இருக்கு?"ன்னு வழியிலயே கேட்டுட்டான். 2017ல வந்த அந்தப் படத்தைப் பெரும்பாலும் கனடாவுலதான் எடுத்தாங்க, ஒன்டாரியோல போர்ட் ஹோப்ங்கிற ஊர்தான் படத்துல டெரிங்கிற கற்பனை ஊரா வருது. நாவல்ல இருக்கிற டெரி வேற. அது பேங்கோர். அங்க சனிக்கிழமை போறோம்.

நான் ஏன் இந்தப் பயணம் போறேன்னா, கிங்கோட பழைய நாவல்களை மறுபடி வரிசையா படிச்சப்போ ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டுச்சு, பேய் பிசாசு ரத்தக்காட்டேரி எல்லாம் பின்னாடி வருது, அதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல ஒரு குத்தம் நடந்திருக்கு, அது ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காங்க. டெரி, கேஸில் ராக், ஜெருசலேம்ஸ் லாட்னு அவர் கற்பனையா கட்டின மூணு ஊருக்கும் இது பொருந்துது. அந்தக் கற்பனைக்கு அடியில நிஜத்துல என்ன இருக்குன்னு நேர்ல பாக்கணும்னு ஆசை.

வெள்ளி, டர்ஹம், லிஸ்பன் ஃபால்ஸ்

டர்ஹம்ல கடைத்தெருன்னு ஒண்ணு கிடையாது. ரோடு, ரெண்டு பக்கமும் மரம், நடுவுல நடுவுல ஒரு வீடு, அதுக்கப்புறம் மறுபடியும் மரம். ஒரு வீட்ல கத்தினா அடுத்த வீட்டுக்குக் கேக்காது. வயசான தாத்தா பாட்டியைப் பாத்துக்கறதுக்காகத்தான் கிங்கோட அம்மா இங்க குடிவந்தாங்க. அவர் வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது, சர்ச்சுக்குப் போனது எல்லாம் இங்கதான்.

1975ல வந்த சேலம்ஸ் லாட் நாவலோட ஊர், அதாவது ஜெருசலேம்ஸ் லாட், பெரும்பாலும் இந்தப் பக்கத்து நிலம்தான். அதுல ரத்தக்காட்டேரி ஊருக்குள்ள வர்ற விதத்தைக் கவனிச்சுப் படிக்கணும். ராத்திரி வந்து கதவைத் தட்டல. பகல்ல அவனோட ஆளு ஒருத்தன் ரியல் எஸ்டேட் புரோக்கர்கிட்ட வந்து, ஊரே ஒதுக்கி வச்சிருக்கிற பழைய வீட்டையும் ஒரு மூடின லாண்டரியையும் விலைக்குக் கேக்குறான். கணக்குக்கு ஒரே ஒரு டாலர்தான் விலை. அதுக்குப் பதிலா புரோக்கருக்குப் பல லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு நிலம் கைமாறுது, யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு கண்டிஷன். அந்த ஆளும் மூச்சு விடல. அதுக்கப்புறம் ஒரு சின்னப் பையன் காணாமப் போறான். அந்த ஊரைக் கடிச்சது பல்லு இல்ல, அந்தப் பத்திரம்தான்னு எனக்குத் தோணும். அதோட கைக்குழந்தையை அடிக்கிற அம்மா, பொண்டாட்டியைக் கொன்னுட்டுத் தூக்குல தொங்கின பழைய வீட்டுக்காரன்னு ஊரோட அசிங்கம் எல்லாத்தையும் பக்கம் பக்கமா சொல்லிட்டுத்தான் காட்டேரியைக் கண்ணுல காட்டுறார். முதல் தடவை படிக்கறப்போ எனக்கு அந்தப் பக்கங்கள் இழுவையா இருந்துச்சு, இப்ப அதுதான் நாவலே.

மத்தியானம் லிஸ்பன் ஃபால்ஸ். ஆண்ட்ரோஸ்காகின் ஆத்தங்கரை ஊர், மில்லு ஊர். வோரம்போ கம்பளி மில்லுல கிங் ஸ்கூல் படிக்கறப்போ வேலை செஞ்சிருக்கார். மில்லோட அடித்தளத்தைச் சுத்தம் பண்ணப் போனவங்க அங்க பூனை சைஸ்ல எலி பாத்தோம்னு சொன்னதைக் கேட்டுத்தான் கிரேவ்யார்ட் ஷிஃப்ட்ங்கிற சிறுகதை வந்துச்சு, 1970ல அச்சாச்சு. மில்லு இப்ப இல்ல. 1987ல பெரிய தீ விபத்து, மிச்சம் இருந்ததையும் பின்னாடி இடிச்சுட்டாங்க, வெறும் இடமாத்தான் கிடக்குது.

இந்த ஊர்ல மாக்ஸினு ஒரு சோடாவுக்கு வருஷா வருஷம் ஜூலைல திருவிழாவே நடத்துறாங்க. 1800கள்ல மருந்துன்னு சொல்லி வித்த பானம், ஜென்ஷன்ங்கிற வேர்ல இருந்து எடுத்த கசப்பு இருக்கும், 2005ல மேய்ன் மாநிலத்தோட அதிகாரப்பூர்வ குளிர்பானமாவே அறிவிச்சிருக்காங்க. வாங்கிக் குடிச்சோம். முதல் வாய் இனிப்பு, அப்புறம் நாக்கு முழுக்கக் கசப்பு, எனக்குப் பிடிச்சுது, பையன் ஒரு வாயோட பாட்டிலை என் கைல குடுத்துட்டான்.

கிங் 1966ல படிச்சு முடிச்ச லிஸ்பன் ஹைஸ்கூலும் இந்த ஊர்லதான். இந்த சுத்துவட்டாரத்தைக் கலந்துதான் கேஸில் ராக் உருவாச்சு, அது முழுசா நமக்கு அறிமுகமாகறது 1979ல வந்த தி டெட் ஸோன்ல. அதுல பொண்ணுங்களைக் கழுத்தை நெறிச்சுக் கொல்றவன் யாருன்னு பாத்தா ஷெரிஃப் ஆபீஸ்ல வேலை பாக்குற போலீஸ்காரன், ஷெரிஃபுக்குச் செல்லப்பிள்ளை மாதிரி. தொட்டாலே ஒருத்தரோட ரகசியம் தெரியிற கதாநாயகன் இதைச் சொல்லும்போது ஷெரிஃப் நம்பவே மாட்டேங்கிறார். அவன் வீட்டுக்குப் போறாங்க, அங்க அவனோட அம்மா இருக்காங்க, அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். அந்த இடத்துல அமானுஷ்யம்னு பாத்தா ஒரு ஆள் கையைத் தொடுறது மட்டும்தான், மத்ததெல்லாம் எந்தக் கிரைம் நாவல்லயும் இருக்கக்கூடியது, ஆனா அந்த அம்மா பேசாம இருந்த வருஷங்களை நினைச்சா எனக்கு உடம்பு கூசிடும்.

சனி, பேங்கோர்

காலைல கிளம்பி ஹைவே 95ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல, வழி முழுக்கக் காடு. கார்ல பையன் கேட்டான், "மாமா, இந்த மாதிரி சின்ன ஊர் பயத்தை இவர்தான் முதல்ல எழுதினாரா?" இல்லடா, 1948லயே ஷெர்லி ஜாக்சன் தி லாட்டரினு ஒரு சிறுகதை எழுதினாங்க, கிராமத்து ஜனங்க எல்லாரும் வருஷா வருஷம் சீட்டு எடுத்து, சீட்டு விழுந்த ஆளைக் கல்லால அடிச்சுக் கொல்றது, அதுல பேயே கிடையாது, அதைப் படிச்சுட்டு நியூயார்க்கர் பத்திரிகைக்குக் கோவமா லெட்டர் குவிஞ்சுதுன்னு சொன்னேன். கிங் 1980ல தன்னோட ஃபயர்ஸ்டார்ட்டர் நாவலை அவங்க நினைவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கார்.

பேங்கோர் 19ஆம் நூற்றாண்டுல மரம் அறுத்து ஏத்துமதி பண்ணியே பணத்துல மிதந்த ஊர். இப்ப சுமார் 32,000 பேர். மெயின் ஸ்ட்ரீட்ல பால் பன்யன்ங்கிற நாட்டுப்புறக் கதை மரவெட்டியோட 31 அடி சிலை நிக்குது, 1959ல வச்சது, கைல கோடாலி. இட் நாவல்ல அந்தச் சிலை உயிரோட இறங்கித் துரத்தும். பையன் அண்ணாந்து பாத்துட்டு இதை ராத்திரில பாக்கவே கூடாது மாமான்னான்.

வெஸ்ட் பிராட்வேல கிங்கோட வீடு. 1980ல வாங்கின சிவப்பு மாளிகை, இரும்பு கேட்ல வௌவால், சிலந்தி வலை எல்லாம் செஞ்சு வச்சிருக்கு, உள்ள பட்டுப்போன ஒரு மரத்தைச் சிற்பமா செதுக்கி விட்டிருக்காங்க. கேட்டுக்கு வெளிய நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான், சுத்தி எல்லாம் குடும்பங்க வாழுற வீடுங்க. குடியிருக்க போர்ட்லேண்டா பேங்கோரான்னு அவங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு வந்தப்போ மனைவி டபிதா போர்ட்லேண்ட்னு சொல்லியிருக்காங்க, இவர்தான் பேங்கோர்னு நின்னிருக்கார், மனசுல இருந்த பெரிய கதை இந்த உழைப்பாளி ஊர்லதான் இருக்குன்னு நம்பினார். தெருத்தெருவா நடந்து, ஊர்க்காரங்க சொன்ன கதையெல்லாம் சேத்து 1981ல எழுத ஆரம்பிச்சு 1985 டிசம்பர்ல முடிச்சார். இட் 1986ல வந்துச்சு.

தாமஸ் ஹில் மேல இருக்கிற தண்ணி டேங்க்கைப் பாக்கணும். 1897ல கட்டினது, உள்ள இரும்பு, வெளிய முழுக்க மரப்பலகை போத்தி வெள்ளையடிச்சு வட்டமா நிக்குது, 17.5 லட்சம் கேலன் கொள்ளளவு, இன்னமும் ஊருக்குத் தண்ணி இதுல இருந்து போகுது. நாவல்ல செத்த பசங்க இருக்கிற இடம் இதுதான்.

இதெல்லாம் பாத்து முடிச்சுட்டு சாயங்காலம் ஸ்டேட் ஸ்ட்ரீட் பாலத்துக்கு வந்தோம். ஊருக்கு நடுவுல கென்டஸ்கீக் ஓடை, கரை ரெண்டு பக்கமும் கல்லு கட்டி கால்வாய் மாதிரி ஓடிப்போய் பெனாப்ஸ்காட் ஆத்துல சேருது. இந்த இடத்தைப் பத்திக் கொஞ்சம் நிதானமா எழுதணும்.

1984 ஜூலை 7, ராத்திரி. சார்லி ஹோவர்ட், 23 வயசு, தன்பாலின ஈர்ப்பாளர், அதை மறைச்சுக்காதவர். அந்த வருஷம்தான் இந்த ஊருக்கு வந்திருந்தார். வந்ததுல இருந்தே தெருவுல திட்டு, கேலி, ஒருநாள் அவர் வளர்த்த பூனைக்குட்டியைக் கழுத்தை நெறிச்சு வாசல்ல போட்டிருந்தாங்க. அன்னிக்கு சர்ச்ல நடந்த ஒரு கூட்டம் முடிஞ்சு நண்பரோட நடந்து வந்தப்போ மூணு பசங்க, 15, 16, 17 வயசு, துரத்திக்கிட்டு வந்து அடிச்சாங்க. ஆஸ்துமா இருந்ததால அவரால ஓட முடியல. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு கெஞ்சியிருக்கார். கைப்பிடிச் சுவருக்கு மேல தூக்கி ஓடைக்குள்ள போட்டுட்டாங்க. மூழ்கிச் செத்துப்போனார். அந்தப் பசங்களை சிறார்களாத்தான் விசாரிச்சாங்க, சிறார் இல்லத்துல ரெண்டு வருஷம் அளவுல இருந்துட்டு வெளிய வந்துட்டாங்க.

கிங் வீட்ல இருந்து இந்தப் பாலம் ஒரு மைல் கூட இருக்காது. அவர் அப்ப இட் எழுதிக்கிட்டு இருந்தார், பாதி வழியில. இந்தக் கொலையைக் கொண்டுபோய் நாவலோட ரெண்டாவது அத்தியாயத்துலயே வச்சார், பேரை ஏட்ரியன் மெல்லன்னு மாத்தி. மெல்லன் டெரியை உண்மையா நேசிக்கிற ஆளு, அந்த ஊர் மேல அன்புன்னு அச்சடிச்ச காகிதத் தொப்பியைத் திருவிழாவுல ஜெயிச்சுத் தலைல வச்சிருப்பார், அந்தத் தொப்பியைப் பாத்துதான் பசங்களுக்கு வெறி ஏறும். அந்த நாவலோட பேயே ஒரு கோமாளி வேஷத்துலதான் வரும், பாலத்துக்கு அடியில அந்தக் கோமாளி நின்னதை மெல்லனோட துணைவரும் பாக்குறார், அடிச்ச பசங்கள்ல ஒருத்தனும் பாக்குறான், ரெண்டு பேரும் போலீஸ்ல சொல்றாங்க. ஆனா கோர்ட்ல கோமாளியைக் கொண்டுவந்தா கேஸ் கெட்டுப்போகும்னு அரசுத் தரப்பு அதை விட்டுடுது. அந்த நாவல்லயே எனக்கு ரொம்பப் பயமான இடம் அதுதான், ஏன்னா கோமாளியை எடுத்துட்டாலும் கேஸ் அப்படியே நிக்குது, கொலை செய்யுறதுக்குக் கோமாளியே தேவைப்படல.

பையன் ரொம்ப நேரம் பேசல. 2019ல வந்த ரெண்டாவது பாகம் படம் இந்தக் காட்சியோடதான் ஆரம்பிக்கும், அவன் பாத்திருக்கான். "மாமா, அது சும்மா ஷாக்குக்கு வச்சாங்கன்னு நினைச்சேன். நிஜமா நடந்ததா?"ன்னு கேட்டான். ஓடைப் பக்கத்துல 2009ல வச்ச நினைவுக்கல் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அந்தக் கொலைக்கு அப்புறம்தான் மேய்ன்ல தன்பாலின உரிமைக்கான அமைப்பு ஒண்ணு உருவாச்சு, இப்ப ஈக்வாலிட்டி மேய்ன்னு பேர்ல இயங்குது. ஊர் முழுக்கப் பேசாம இருந்துடல, சிலர் பேசினாங்க, அதையும் சொல்லணும்.

ஞாயிறு, பேங்கோர்

நேத்து எழுதினதோட தொடர்ச்சிதான் இன்னிக்கும். சென்ட்ரல் ஸ்ட்ரீட்ல 1937 அக்டோபர் 12 அன்னிக்கு ஏல் பிரேடிங்கிற கொள்ளைக்காரனை எஃப்பிஐ சுட்டுக் கொன்னுச்சு. அவன் கும்பல் துப்பாக்கி வாங்க இங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்திருக்கு, மெஷின் கன் கேட்டதும் கடைக்காரங்களுக்குச் சந்தேகம் வந்து போலீசுக்குச் சொல்லிட்டாங்க, அடுத்த தடவை வந்தப்போ ஏஜென்ட்டுங்க காத்திருந்தாங்க. பிரேடியும் ஷாஃபர்ங்கிற கூட்டாளியும் தெருவுலயே செத்தாங்க, மூணாவது ஆள் மாட்டிக்கிட்டான்.

நாவல்ல இது பிராட்லி கும்பலா மாறுது. ஆனா கிங் ஒண்ணே ஒண்ணை மாத்தினார், எஃப்பிஐயை எடுத்துட்டார். சுடுறது ஊர்க்காரங்க. கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு அவனவன் துப்பாக்கியோட ஜன்னல்லயும் வாசல்லயும் நின்னு சுட்டுத் தள்ளிட்டு, அதுக்கப்புறம் யாரும் அதைப் பத்தி வெளிய பேசுறதில்ல. கோமாளியும் அவங்களோட சேந்து சுடுது, அதுக்கு நிழல் விழலன்னு ஒரு கிழவர் பல வருஷம் கழிச்சு சாவகாசமா சொல்லுவார். சட்டம் செஞ்ச ஒண்ணை ஊர் செஞ்சதா மாத்தினதுலதான் அந்த நாவலோட மொத்த மனசும் இருக்குன்னு நான் நம்புறேன். இன்னொரு இடம், பெவர்லிங்கிற சின்னப் பொண்ணை ரவுடிப் பசங்க தெருவுல மடக்குறாங்க, எதிர்ல திண்ணைல உக்காந்திருக்கிற பெரியவர் எந்திரிச்சுப் பாக்குறார், பேப்பரை மடிக்கிறார், வீட்டுக்குள்ள போயிடுறார். அவ்வளவுதான், ஒரு வரி ரெண்டு வரி. கடைசில வர்ற ராட்சச சிலந்தி எனக்குப் பெருசா ஒண்ணும் பண்ணல, அந்தப் பேப்பர் மடிச்ச பெரியவரைத்தான் மறக்க முடியல.

பிரேடியைப் புதைச்சது மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்துல. 1834ல ஆரம்பிச்சது, மேடும் பள்ளமும் குளமுமா பூங்கா மாதிரி இருக்கு. கிங்கோட நாவலை வச்சு எடுத்து 1989ல வந்த பெட் செமட்டரி படத்துக்கு இங்க ஷூட்டிங் நடந்துச்சு, பாதிரியாரா கிங்கே நடிச்சிருக்கார்.

திங்கள், ஓரிங்டன், ஹாம்ப்டன், ஹெர்மன்

1978ல கிங் ஒரோனோல தான் படிச்ச யுனிவர்சிட்டிக்கே ஒரு வருஷம் பாடம் எடுக்க வந்தப்போ ஓரிங்டன்ல வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கு முன்னாடி ரூட் 15. இப்பவும் ட்ரக்குங்க அந்த ரோட்ல போற வேகத்துக்கு ஓரமா நின்னா சட்டை படபடங்குது. அந்த ரோட்ல அடிபட்டுச் செத்த நாய் பூனைங்களை அந்தப் பக்கத்துப் பசங்க வீட்டுக்குப் பின்னாடி காட்டுல புதைச்சு, தப்பும் தவறுமா எழுத்துக்கூட்டிப் பலகை வச்சிருந்தாங்க. கிங் மகளோட பூனையும் அங்கதான் போச்சு. அப்புறம் ஒருநாள் நடக்கப் பழகின சின்ன மகன் ரோட்டைப் பாத்து ஓட, இவர் பின்னாடியே ஓடி நூலிழைல பிடிச்சிருக்கார். பிடிக்கலன்னா என்ன ஆயிருக்கும்ங்கிறதுதான் பெட் செமட்டரி. எழுதி முடிச்சுட்டு இது ரொம்பக் கொடூரம்னு உள்ள வச்சுட்டார், பழைய பதிப்பகத்துக்கு ஒரு புக் பாக்கி இருந்ததாலதான் 1983ல வெளிய வந்துச்சு.

அதுலயும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, புதைச்சதை உயிரோட திருப்பி அனுப்புற ஒரு புதைகுழி பத்தி எல்லாம் தெரியும், முன்ன ஒரு தடவை என்ன நடந்துச்சுன்னும் தெரியும், தெரிஞ்சே கூட்டிட்டுப் போறார். ஆனா இந்த நாவல்ல எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. சாபத்தை மிக்மாக் பூர்வகுடிகளோட நிலத்து மேல ஏத்தி வச்சது. பேங்கோர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஓல்ட் டவுன் பக்கம் ஆத்து நடுவுல இந்தியன் ஐலண்ட்ல பெனாப்ஸ்காட் மக்கள் இன்னிக்கும் வாழுறாங்க, ஆத்துக்கும் அதே பேர்தான். ஓரிங்டன்ல இருந்த ஒரு கெமிக்கல் ஃபேக்டரி 1967ல இருந்து இந்த ஆத்துல பாதரசத்தை விட்டுச்சு, 2000ல மூடினாங்க, ஆத்தடி மண்ணுல இன்னமும் அது கிடக்கு. சாபத்தை மண்ணுல இறக்கினது யாருன்னு பாத்தா பூர்வகுடிங்க இல்லையே.

ஹாம்ப்டன், ஹெர்மன் ரெண்டுலயும் பாக்க எதுவும் இல்ல, ஆனா போகாம விட மனசு வரல. ஹாம்ப்டன் அகாடமில வருஷத்துக்கு 6,400 டாலர் சம்பளத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்துக்கிட்டு, ஹெர்மன்ல ஒரு டிரெய்லர் வீட்ல துணி துவைக்கிற ரூமுக்குள்ள டைப்ரைட்டரை வச்சு எழுதினதுதான் கேரிங்கிற நாவல். பிடிக்காம குப்பைல போட்ட பக்கங்களை டபிதா எடுத்து, சாம்பலைத் தட்டிட்டு, இதை முடின்னு சொன்னாங்க. காசில்லாம வீட்டுப் போனை எடுத்துட்டதால, உங்க புக்கை நாங்க போடுறோம், 2,500 டாலர் அட்வான்ஸ்னு பதிப்பகத்தோட சேதி தந்தியில வந்துச்சு. அப்புறம் பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போச்சு, பாதி இவருக்கு. அன்னிக்கு மனைவிக்கு ஏதாவது வாங்கணும்னு ஓடினவர் திறந்திருந்த ஒரே மருந்துக்கடைல ஹேர் ட்ரையர் வாங்கிட்டு வந்தார். கிங்கோட அம்மா 1973 டிசம்பர்ல கேன்சர்ல போய்ச்சேந்தாங்க, புக் வந்தது 1974 ஏப்ரல்ல. இந்த நாலு மாசக் கணக்கைப் படிக்கறப்பெல்லாம் எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

கேரியும் கிரைம் மாதிரிதான் எழுதியிருக்கு, விசாரணைக் கமிஷன் அறிக்கை, பேப்பர் செய்தி, சாட்சி வாக்குமூலம்னு துண்டு துண்டா. எல்லா சாட்சியும் கேரிங்கிற அந்தப் பொண்ணு வீட்ல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு ஓரளவு தெரியும்னுதான் சொல்றாங்க, ஊர் எரிஞ்சதுக்கு அப்புறம்.

செவ்வாய், திரும்பி வர்ற வழில

போகணும்னு நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம். கார் இல்லாம டர்ஹம், ஓரிங்டன் எல்லாம் முடியாது. தண்ணி டேங்க் உள்ள போய் மேல ஏறணும்னா வருஷத்துக்கு நாலு தடவைதான் திறப்பாங்க, பேங்கோர் தண்ணி நிர்வாகத்தோட அறிவிப்பைப் பாத்துட்டு தேதி வைங்க, எங்களுக்கு வெளிய இருந்துதான் பாக்கக் கிடைச்சுது. ஓரிங்டன் வீடு இப்ப வேற ஒருத்தரோட சொந்த வீடு, ரோட்ல இருந்து பாத்துட்டு நகர்ந்துடுங்க. நவம்பர் பாதிக்கு மேல பனி ஆரம்பிச்சுடும். சார்லி ஹோவர்ட் நினைவுக்கல்லுக்குப் போனா பூ ஏதாவது எடுத்துட்டுப் போங்க, நாங்க போனப்பவும் யாரோ வச்சுட்டுப் போயிருந்தாங்க.

பையன் பேங்கோர்ல ஒரு பழைய புத்தகக் கடைல இட் வாங்கிட்டான், 1,100 பக்கத்துக்கு மேல, வர்ற வழியெல்லாம் என்னை ஓட்டச் சொல்லிட்டு அவன் படிச்சுட்டு வர்றான். புதுசா ஆரம்பிக்கிறவங்க அவ்வளவு பெருசுல இறங்க வேண்டாம், டெட் ஸோன்ல ஆரம்பிங்க, அப்புறம் சேலம்ஸ் லாட், அதுக்கப்புறம் டெரிக்கு வாங்க.